குழாய் போடுவதில் எது நல்ல முறை?
மயக்கவியல் கேள்வி–பதில்: மும்பை வாசகர்களுக்கு

அம்மாவுக்கு வயது 62. பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி செய்யப் போகிறார்கள். எஸ்டிமேட்டில் 'வீடியோ லாரிங்கோஸ்கோப் பிளேடு' என்று தனியாக ஒரு தொகை இருக்கிறது. பழைய முறையில் குழாய் போட முடியாதா? இது பணம் பிடுங்கும் வேலையா?
– வாசகி, மாட்டுங்கா

முடியும். மயக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்க மூச்சுக்குழாயில் ஒரு குழாய் வைக்கிறோம்; அதற்காக நாக்கை ஒதுக்கிக் குரல்வளையைக் காட்டும் கருவிதான் லாரிங்கோஸ்கோப், அதில் வாய்க்குள் போகும் பகுதி பிளேடு. 1943-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் மெக்கின்டாஷ் விவரித்த வளைந்த பிளேடுதான் இன்றைக்கும் பெரும்பாலான ஆபரேஷன் தியேட்டர்களில் கைக்கு முதலில் வருவது. இடது கையில் பிடித்து, வாயின் வலது ஓரமாக நுழைத்து, நாக்கை இடப்பக்கம் ஒதுக்க வேண்டும். நாக்கின் வேருக்கும் குரல்வளை மூடிக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் நுனி உட்கார்ந்ததும், கைப்பிடியை அது நீண்டிருக்கும் திசையிலேயே தூக்க வேண்டும். கடப்பாரை போல நெம்பினால் மேல் முன்பல் போய்விடும். பல் உடையும் கதைகளில் முக்கால்வாசி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்த முறையில் மருத்துவரின் கண்ணும் நோயாளியின் குரல்நாணும் ஒரே கோட்டில் வந்தாக வேண்டும். அதற்காகத்தான் தலைக்கடியில் தலையணை வைத்து முகவாயை உயர்த்துகிறோம். குட்டைக் கழுத்து, உள்வாங்கிய தாடை, எடுப்பான பல் இருந்தால் கோடு வளையும். வீடியோ கருவியில் பிளேடின் நுனியருகே கேமரா இருப்பதால் வளைவுக்கு அப்பால் உள்ளதும் திரையில் தெரியும்.

ஆனால் தெரிவது வேறு, குழாய் போவது வேறு. வீடியோ பிளேடில் இரண்டு வகை உண்டு. மெக்கின்டாஷ் வடிவத்திலேயே கேமரா வைத்தது ஒன்று. அதிகமாக வளைந்தது இன்னொன்று. இரண்டாவதில் திரை முழுக்கக் குரல்நாண் பளிச்சென்று நிற்கும், குழாய் மட்டும் அடம்பிடிக்கும். உள்ளே இருக்கும் ஸ்டைலெட் கம்பியை பிளேடின் வளைவுக்கு ஏற்ப வளைத்திருக்க வேண்டும். குழாயின் நுனி குரல்நாணைத் தாண்டியதும் உதவியாளர் கம்பியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் நுனி மூச்சுக்குழாயின் முன்சுவரில் முட்டி நிற்கும்.

இதைவிட மோசமான தவறு, குழாயை நுழைக்கும்போதே திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது. கேமராவுக்குத் தெரியாத இடத்தில் மெல்லண்ணம் கிழிந்துவிடும். பிளேடை நுழைக்கும்போது கண் வாயில் இருக்க வேண்டும், பிறகு திரையில். குழாயை நுழைக்கும்போது மறுபடி வாயில், நுனி மறைந்ததும் மறுபடி திரையில். ரத்தமோ வாந்தியோ கேமராவை மூடிவிட்டால் அந்தத் திரையால் பயனில்லை.

பெரியவர்களில் வீடியோ முறையில் முதல் முயற்சியிலேயே குழாய் போவது கூடுகிறது, தோல்வி குறைகிறது என்று 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிய காக்ரேன் அமைப்பின் 2022 ஆய்வு சொல்கிறது. அமெரிக்க அவசரப் பிரிவுகளிலும் ஐ.சி.யு.க்களிலும் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில் முதல் முயற்சி வெற்றி வீடியோவில் 85 சதவீதம், கண்ணால் நேராகப் பார்த்துப் போடும் பழைய முறையில் 71. அது அவசர நோயாளிகளின் கணக்கு. திட்டமிட்ட ஆபரேஷனில், வாயும் கழுத்தும் சரியாக இருக்கும் உங்கள் அம்மாவுக்கு வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இராது. ஆக, பணம் பிடுங்கல் என்று சொல்ல மாட்டோம். ஆனால் பிளேடு ஒருமுறை பயன்படுத்தி எறிவதா, கழுவித் திரும்பப் பயன்படுத்துவதா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் முழு விலை போட்டது ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மச்சானுக்கு 38 வயது. பல வருஷ மாவா பழக்கம், வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காது. கன்னத்தில் கட்டி ஆபரேஷன். முழித்திருக்கும்போதே மூக்கு வழியாகக் குழாய் விடுவோம் என்கிறார்கள். மயக்கம் கொடுத்துவிட்டு விடக்கூடாதா? வீட்டில் எல்லோரும் பயப்படுகிறோம்.
– வாசகர், தாராவி

மகாராஷ்டிராவில் குட்காவுக்கு 2012-இல் தடை வந்தும், பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கடையிலேயே பிசைந்து தரும் மாவா ஓயவில்லை. பாக்கினால் கன்னத்தின் உட்சதை நார் நாராக இறுகிவிடுகிறது. வலியால் வாய் திறக்காதவருக்கு மயக்கத்தில் தாடை தளரலாம். இது தழும்பு, எந்தத் தசைத்தளர்வு மருந்துக்கும் இளகாது. மருந்து கொடுத்ததும் அவர் மூச்சு நின்றுவிடும். அதன்பின் மாஸ்க் வழியாகக் காற்று போகாவிட்டால் வாய் வழியாக வைக்கும் எந்தக் கருவிக்கும் இடம் இல்லை, கழுத்தில் துளை போடுவதுதான் மிச்சம். அவர் சொந்தமாக மூச்சு விடும்போதே குழாயை வைப்பதுதான் பாதுகாப்பு. உங்கள் மருத்துவர் சரியாகவே சொல்லியிருக்கிறார்.

நடக்கப்போவது இதுதான். எச்சில் வற்ற கிளைக்கோபைரோலேட் ஊசி. மூக்கின் ரத்தக்குழாய்கள் சுருங்க சைலோமெட்டசோலின் சொட்டு. மரத்துப்போக லிக்னோகெயின், நெபுலைசர், ஜெல், ஸ்பிரே எனப் பல வழிகளில். கொழுப்பு நீங்கிய உடல் எடையில் கிலோவுக்கு 9 மி.கி.க்கு மேல் போகக்கூடாது. அந்த எடை 60 கிலோ என்றால் 540 மி.கி. 10 சதவீத ஸ்பிரே ஒரு அழுத்தத்துக்கு 10 மி.கி. ஆகவே கணக்குத் தவறுவது பெரும்பாலும் "இன்னும் ரெண்டு அடி அடி" என்பதில்தான்.

பிறகு 6.5 அல்லது 7 மி.மீ. குழாயை உள்ளே பார்க்க உதவும், வளையக்கூடிய மெல்லிய ஃபைபர் ஸ்கோப்பில் முதலிலேயே கோத்துக்கொள்வார்கள். கோக்க மறந்து ஸ்கோப்பை உள்ளே விட்டு விழிப்பது புதியவர்களின் நிரந்தரத் தவறு. ஸ்கோப் குரல்நாணைத் தாண்டி மூச்சுக்குழாயின் வளையங்களைக் காட்டியதும், அதன்மேல் குழாய் வழுக்கி இறங்கும். வழியில் குரல்வளையின் வலப்பக்கக் குருத்தெலும்பில் மாட்டினால், பின்னுக்கு இழுத்து இடஞ்சுழியாக 90 டிகிரி திருப்பினால் போகும். முழு மயக்கம் அதற்குப் பிறகுதான்.

மச்சானிடம் இரண்டே விஷயம் சொல்லி வையுங்கள்: ஒரு கணம் இருமல் வரும், குழாய் இறங்கியதும் குரல் வராது. குரல் போனால் சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம், பயப்பட வேண்டாம்.

குழாய் மூச்சுக்குழாயில்தான் இருக்கிறது என்பதை ஸ்டெத்தில் கேட்டே சொல்லிவிடலாம் என்கிறார் சீனியர். சரியா?
– ஓ.டி. டெக்னீஷியன் மாணவர், சயான்

சரியில்லை. உணவுக்குழாயில் போன காற்றின் சத்தம் மார்பிலும் கேட்கும். குழாயில் ஆவி படிவதும் ஏமாற்றும். முன்னதாக 3 நிமிடம் ஆக்சிஜன் கொடுத்திருந்தால் சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு) இறங்கவே சில நிமிடம் ஆகும். அதுவரை எல்லாம் சரி என்றே தோன்றும். நம்ப வேண்டியது கேப்னோகிராஃப் திரையில் மூச்சுக்கு மூச்சு வரும் கரியமில வாயு அலையை. குறைந்தது 7 மூச்சு தொடர்ந்து வர வேண்டும். அலை இல்லையென்றால் தப்பான இடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதயம் நின்று மார்பு அழுத்தம் கொடுக்கும்போதுகூடச் சின்ன அலையாவது வரும்.

ஸ்டெத்துக்கு வேறு வேலை உண்டு. இடப்பக்கம் சத்தம் இல்லையென்றால் பெரும்பாலும் குழாய் ஆழம் போய் மூச்சுக்குழாயின் வலது கிளைக்குள் இறங்கிவிட்டது. அந்தக் கிளை அகலமாகவும் இடதைவிட நேராகவும் இருக்கும். பல்லருகே பெண்களுக்கு 21, ஆண்களுக்கு 23 செ.மீ. என்பது உத்தேச அளவு. குழாயின் நுனியருகே காற்று கசியாமல் அடைக்கும் கஃப் பலூனை விரலால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அழுத்தமானி வைத்து 20–30 செ.மீ. நீர் அழுத்தத்தில் நிறுத்துங்கள். மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு ஓடினால் அந்த அழுத்தம் தானாகவே ஏறும், இடையிடையே பாருங்கள். மறுநாள் "தொண்டை எரியுது" என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழாயே இல்லாமல் தொண்டையில் மாஸ்க் வைத்தால் போதுமாமே?
– வாசகர், செம்பூர்

எல்.எம்.ஏ. எனும் குரல்வளை மாஸ்க்கைச் சொல்கிறீர்கள். ஆர்ச்சி பிரெய்ன் 1981-இல் உருவாக்கியது, குரல்வளைக்கு மேலே உட்காரும். தொண்டை வலி குறைவு. சின்ன ஆபரேஷன்களுக்கு அருமை. வயிற்றில் உள்ளது மேலே வந்தால் மட்டும் குழாய் அளவுக்குக் காக்காது. அதனால் நெஞ்செரிச்சல்காரர்களுக்கும் வயிறு காலியில்லாதவர்களுக்கும் ஆகாது. வயிறு காலி என்பதற்குக் கணக்கு: சாப்பாட்டுக்குப் பின் 6 மணி நேரம், தண்ணீருக்கு 2. பால் விட்ட ஃபில்டர் காபி சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும். "காபிதானே" என்று மறைக்காதீர்கள்.

போன ஆபரேஷனில் மூன்று தடவை முயன்றுதான் குழாய் போட்டார்களாம். இப்போது வேறு ஆஸ்பத்திரி. சொல்ல வேண்டுமா?
– வாசகி, முலுண்ட்

முதல் வேலையாகச் சொல்லுங்கள். முயற்சி ஒவ்வொன்றும் தொண்டையை வீங்க வைக்கும். அதனால்தான் அகில இந்தியக் கடின சுவாசப்பாதைச் சங்கத்தின் 2016 வழிகாட்டுதல் மூன்றோடு நிறுத்தச் சொல்கிறது, முயற்சி நடக்கும்போது மூக்கு வழியாக நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன் ஓடட்டும் என்கிறது. பழைய ஆஸ்பத்திரியில் எழுதி வாங்குங்கள்: எந்த பிளேடு, மாஸ்க் வழியாகக் காற்று எளிதாகப் போனதா, கடைசியில் எதனால் குழாய் போனது. நடுவில் இருக்கும் பதில்தான் புதிய மருத்துவருக்கு மிகவும் தேவை. காகிதத்தைப் படமெடுத்து உங்கள் போனிலும், கூட வருகிறவர் போனிலும் வையுங்கள். ஆடும் பல் இருந்தால் அதையும் காட்டிவிடுங்கள்.