கடற்கரைக் களையும் பாலாத்து முள்ளும்: காட்பாடி அக்காகிட்ட கேள்வி பதில்

வணக்கம்ங்க. நான் காட்பாடி. நர்ஸ் வேலைக்காக ஆஸ்திரேலியாவுல டாஸ்மேனியா தீவுல, ஹோபார்ட்ல சில வருஷம் இருந்தேன், அப்போ ரெண்டு கோடைக்கு லீவு போட்டுட்டு தென்மேற்குக் கடற்கரையில களை பிடுங்குற தன்னார்வலர்ங்களோட போனேன். இப்ப ஞாயித்துக்கிழமைல பாலாத்துல சீமைக்கருவேலம் எடுக்குற பசங்களோட போறேன். ரெண்டையும் பத்தி கேட்டிருக்கீங்க, சொல்றேன்.

குடியாத்தம் தம்பி: அக்கா, ஆளே இல்லாத கரையில செடி முளைச்சா யாருக்கு என்ன நஷ்டம்?

அந்தச் செடி பேரு சீ ஸ்பர்ஜ், நம்ம கள்ளி, அம்மான் பச்சரிசி ஜாதிதான், ஒடிச்சா வெள்ளையா பால் வரும். ஐரோப்பா கடற்கரைச் செடி, கப்பல் வழியா வந்துருக்கணும்னு சொல்றாங்க. ஒரு செடி வருஷத்துக்கு 5000 விதை வரைக்கும் போடும், அந்த விதை உப்புத்தண்ணியில மிதந்து வருஷக்கணக்குல சாகாம இருந்து இன்னொரு கரையில ஒதுங்கி முளைக்கும், அதான் ஆள் போகாத இடத்துக்கும் அது போயிடுது. ஹூடட் ப்ளோவர்னு ஒரு குட்டிப் பறவை இருக்குப்பா, கூடு கட்டத் தெரியாது, வெட்டவெளி மணல்ல லேசா ஒரு பள்ளம் பண்ணி முட்டை போடும். அந்த மணலைச் செடி அடைச்சிட்டா அது எங்க போவும்? அப்புறம் ஆள் இல்லன்னு சொல்லாத, அந்த மண்ணோட பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கான வருஷமா சிப்பி சாப்பிட்டுப் போட்ட ஓடு மேடு மேடா அங்க இன்னும் கெடக்கு.

வாணியம்பாடி அண்ணா: கையாலயே பிடுங்குறதா? மருந்தடிச்சா ஆவாதா?

சீ ஸ்பர்ஜ் பெரும்பாலும் கையாலதாண்ணா. மணல்ல வேரோட வந்துடும், ஆனா அவசரப்பட்டு மேல பிடிச்சு இழுத்தா ஒடிஞ்சு அடியிலேர்ந்து திரும்ப தழைக்கும். மர்ரம் புல்லுன்னு இன்னொண்ணு இருக்கு, நம்ம வயல் கோரை மாதிரி மண்ணுக்குள்ளயே ஓடும், அதுக்கு மட்டும் மருந்து. இப்ப சி.எஸ்.ஐ.ஆர்.ஓன்னு அந்த நாட்டு அரசு ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிங்க சீ ஸ்பர்ஜை மட்டும் தாக்குற ஒரு பூஞ்சையையும் விட்டிருக்காங்க.

ஆற்காடு தங்கச்சி: அந்தச் செடிப் பால் கண்ணுல பட்டா என்னக்கா பண்றது?

இதை விளையாட்டா எடுத்துக்காதம்மா. கண்ணு பயங்கரமா எரியும், பார்வையே கொஞ்ச நாளைக்கு மங்கிடலாம். உடனே நல்ல தண்ணியில கால் மணி நேரம் விடாம அலசிட்டு டாக்டரைப் பாக்கணும். எருக்கம்பாலுக்கும் இதேதான். கையுறை, கண்ணாடி இல்லாம வந்தவங்கள வேலைக்கே விடமாட்டோம்.

ராணிப்பேட்டை சார்: அங்க எப்படிப் போவீங்க? சாப்பாடு?

ரோடு கெடையாது சார். மெலலூக்கான்னு ஒரு இடத்துல சரளைக்கல் ஓடுபாதை இருக்கு, குட்டி விமானம் எறங்கும், இல்லன்னா படகு, அப்புறம் நடை. கூடாரம், அரிசி, பருப்பு எல்லாம் முதுகுலதான். கெளம்புறதுக்கு முன்னாடி ஷூவைத் தேச்சுக் கழுவச் சொல்வாங்க, செருப்புல ஒட்டுன மண்ணுலயே புது விதையும் நோயும் போயிடும்னு. நம்ம ஆளுங்க இதைக் கத்துக்கணும்.

விரிஞ்சிபுரம் அண்ணா: எங்க பக்கம் ஜேசிபி வெச்சு ஆத்துல முள்ளு எல்லாம் எடுத்தாங்க, ஒரே வருஷத்துல திரும்ப வந்துடுச்சே, ஏன்மா?

எடுக்கலைண்ணா, ஒடிச்சாங்க. நானும் பாத்தேன், வயிறு எரிஞ்சுது. கான்ட்ராக்ட் எடுத்தவங்க மண்ணுக்கு மேல இருக்குற மரத்தை மட்டும் தள்ளிட்டு அடிக்கட்டையை மண்ணுல விட்டுட்டுப் போயிட்டாங்க. சீமைக்கருவேலத்துக்கு மொளைக்கிற கண்ணு மண்ணுக்குக் கீழயும் இருக்கும், வெட்டுனா ஒத்தத் தண்டு பத்துத் தண்டா வரும். ஒரு அடிக்கு மேல தோண்டி கட்டையை முழுசா எடுக்கணும். அதோட முடியல, ஆடும் மாடும் நெத்தைத் தின்னும், விதை சாணியில முழுசா வந்து விழும், அதனால நெத்து பழுக்கிறதுக்கு முன்னாடியே எடுக்கணும். 1870கள்ல வெறகுக்குன்னு வெள்ளைக்காரன் கொண்டாந்த மரம், இன்னிக்கும் அதை வெட்டி அடுப்பு எரிக்கிற, கரி மூட்டம் போடுற குடும்பங்க இருக்கு, அவங்ககிட்ட பேசாம ஒரு மரத்துலயும் கை வெக்காதீங்க. 2021 நவம்பர் வெள்ளத்துல பாலாறு எப்படிப் போச்சுன்னு பாத்தோமில்ல, அந்தத் தண்ணி நெத்தையும் தூக்கிட்டுதான் போச்சு, ஆறு வயலூர்கிட்ட கடல்ல சேருது. நம்ம ஊர்ல விட்ட முள்ளு கடற்கரைக்கும் போகுது. கோடியக்கரையில வெளிமான் மேயுற புல்வெளியை இதே மரம் எப்படி மூடிட்டு வருதுன்னு போய்ப் பாருங்க.

சத்துவாச்சாரி தம்பி: அது காத்துல இருக்குற ஆக்சிஜனை உறிஞ்சிடுமாமே?

அதெல்லாம் இல்லப்பா. மத்த மரம் மாதிரிதான். வேர் ரொம்ப ஆழம் போகும், நெழல்ல வேற செடிய வளர விடாது, அது போதுமே.

பள்ளிகொண்டா அக்கா: ஒரு தடவ எடுத்தா போதுமா?

போதாதுக்கா. டாஸ்மேனியாவுல ஒரே கரைக்குத் திரும்பத் திரும்பப் போறாங்க, மண்ணுல கெடக்குற விதை மொளைச்சிக்கிட்டே இருக்கும், அது காய்க்கிறதுக்குள்ள பிடுங்கணும். நான் ரெண்டாவது கோடையில முதல்ல பிடுங்குன அதே கடற்கரை வளைவுக்குப் போனப்போ பெரிய செடி ஒண்ணுகூட இல்ல, விரல் நீள நாத்துதான், ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடுச்சு, சந்தோஷத்துல அழுதுட்டேன். பாலாத்துல நாங்க முள்ளு எடுக்குற எடத்துலயும் மூணு மழைக்கு அப்புறம் இப்பதான் நாத்து கொறையுது, காலி எடத்துல நொச்சியும் புங்கனும் வெச்சிருக்கோம். வர்ற ஞாயிறு காலையில ஆறு மணிக்கு கடப்பாரை, முழுக்கை சட்டை, தண்ணியோட வாங்கக்கா, வெயில் ஏறுறதுக்குள்ள ஒம்பது மணிக்கு அனுப்பிடுறேன்.