ஸ்டாக் போனா ஓபிஎஸ்ல சவுண்ட் ரெண்டு தடவை, மூணு தடவை வருது: பதில்

ப்ரோ, மெலீ (நிண்டெண்டோவோட சண்டை கேம்) ஆடும்போது ஒரு ஸ்டாக், அதாவது ஒரு உயிர், போனா ஓபிஎஸ்ல (லைவ் ஸ்ட்ரீம் பண்ற சாஃப்ட்வேர்) ஒரு சவுண்ட் வர்ற மாதிரி கோட் போட்டிருக்கீங்க. ஆனா முதல் மேட்ச்ல ஒரு தடவை, ரெண்டாவதுல ரெண்டு தடவை, மூணாவதுல மூணு தடவை வருதுன்னு நீங்களே எழுதிட்டீங்க, அதுலயே விடை இருக்கு லா. மேட்ச் டேட்டாவ படிச்சுத் தர்ற ஸ்லிப்பி லைப்ரரி மேல தப்பு இல்ல.

கேம் ஸ்டார்ட் ஈவென்ட்டுக்குள்ள போய் ஸ்டாக் ஈவென்ட்ட சப்ஸ்கிரைப் (அது நடந்தா சவுண்ட் போடுன்னு பதிவு) பண்ணியிருப்பீங்க, ஒவ்வொரு மேட்ச் ஆரம்பிக்கும்போதும் புதுசா ஒண்ணு சேருது, பழசு போகவே மாட்டேங்குது, கல்யாண வீட்டுல பந்தி எழும்பாம அடுத்த பந்தி உக்காந்த கதைதான். சப்ஸ்கிரைப்குள்ள சப்ஸ்கிரைப் வேணாம், ஆர்எக்ஸ்ஜேஎஸ்ல (ஈவென்ட்டுகளக் கையாளுற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) ஸ்விட்ச்மேப் போடுங்க, புது மேட்ச் வந்ததும் பழச அதுவே கழட்டி விட்டுரும்.

அப்புறமும் எப்பவாச்சும் ரெண்டு தடவை அடிச்சா, அதுவும் ஆன்லைன் மேட்ச்ல மட்டும்னா, அது ரோல்பேக். எதிராளியோட பட்டன் லேட்டா வந்தா கேம் பின்னாடி போய் அதே ஃபிரேம திருப்பி ஆடும், ஸோ ஒரே ஃபிரேம் நம்பர் மறுபடி வரும். ஃபைனலைஸ் ஆன, அதாவது இனி திருப்பி ஆடாதுன்னு உறுதியான ஃபிரேம மட்டும் நம்புங்க, சவுண்ட் கொஞ்சம் லேட்டானாலும் பரவால்ல. மெலீ செகண்டுக்கு 60 ஃபிரேம், ரெண்டு மூணு ஃபிரேம் லேட்டானா யாருக்கும் தெரியாது.

இன்னொண்ணு, உங்க கோட்ல டைமர 0-வது ஃபிரேம்ல தொடங்கியிருக்கீங்க. ஸ்லிப்பில ஃபிரேம் எண்ணிக்கை -123ல ஆரம்பிக்குது, ஆள நகத்த முடியறது -39ல.

நான் தெம்பனிஸ்ல வீக்கெண்ட் ஆட்டத்துக்கு செட்டப் போட்டப்போ இதே சவுண்ட் கூத்துதான், பக்கத்து டேபிள் அங்கிள் கோப்பியோட எழும்பிப் போயிட்டாரு.

சரியாகலன்னா அந்த சப்ஸ்கிரைப் பகுதி கோட மட்டும் போடுங்க, பாக்குறேன்.