கொரெகிடோர் தீவுக்கு ஒரு பகல் போதுமா, இரவு தங்க வேண்டுமா?

மணிலாவில் வேலை பார்த்த காலத்தில் அந்தத் தீவுக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை காலைப் படகில் போய் மதியப் படகில் திரும்பியது. இரண்டாவது முறை, 2018 பிப்ரவரியில், நண்பன் ஒருவனோடு ஓர் இரவு தங்கினேன். முதல் முறை போனதைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது என்பது என் கட்சி. ஆகவே பதில்: தங்க வசதி இருந்தால் தங்குங்கள்.

இடம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மணிலா விரிகுடாவின் வாசலில் தலைப்பிரட்டை வடிவத்தில் கிடக்கும் தீவு இது. நீளம் ஆறரை கிலோமீட்டர். தலை மேற்கே கடலைப் பார்த்து இருக்கிறது, வால் மணிலா பக்கம் நீள்கிறது. உள்ளே நுழைகிற எந்தக் கப்பலும் இதன் கண்ணில் படாமல் போக முடியாது. அதனால் ஸ்பானியர்கள் கலங்கரை விளக்கம் வைத்தார்கள், அமெரிக்கர்கள் பீரங்கிகளாக நட்டார்கள். 1942 மே 6 அன்று ஜப்பானியரிடம் விழுந்தது. 1945 பிப்ரவரியில் அமெரிக்கர்கள் திரும்பப் பிடித்தார்கள்.

நான் போன காலத்தில் பகல் பயணத்தில் என்ன கிடைத்தது? பழைய டிராம் வண்டி மாதிரி செய்த ஒரு பஸ். அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் 1942 மார்ச் 11 இரவு படகேறித் தப்பிய துறையில் ஒரு போட்டோ. சாப்பாடு. சுரங்கத்தில் ஒலி-ஒளிக் காட்சி. 'ஏறுங்க, ஏறுங்க' என்று வழிகாட்டி விரட்ட, இரண்டரைக்குப் படகு. ஜப்பானியப் பயணிகளுக்குத் தனி பஸ், அவர்கள் மொழியில் தனி வழிகாட்டி. ஒரே குண்டுக் குழியை இரண்டு பஸ்ஸிலும் எப்படி விளக்கியிருப்பார்கள் என்று எனக்கு இன்றுவரை ஒரு குறுகுறுப்பு உண்டு.

இரண்டாவது முறை கூட வந்தவன் பாலம் கட்டும் இன்ஜினியர், மதுரைக்காரன். "வரலாறுன்னாலே எனக்குத் தூக்கம் வரும்டா, ஆனா கான்கிரீட் இருக்குன்னா வர்றேன்" என்று சொல்லித்தான் கிளம்பினான். படகு போனதும் தீவு சட்டென்று காலியாகிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் 'பேட்டரி வே' என்ற பீரங்கித் தளத்துக்கு நடந்தே போனோம். 12 அங்குல வாய் கொண்ட நான்கு மோர்ட்டார்கள், அதாவது குண்டை உயரே வீசி விழவைக்கும் குட்டைப் பீரங்கிகள், ஒரு கான்கிரீட் குழிக்குள் நிற்கின்றன. குழாயின் இரும்பில் அங்கங்கே அம்மைத் தழும்பு மாதிரி பள்ளம். ஒரு பள்ளத்துக்குள் என் கட்டைவிரல் முதல் கணு வரை போனது. சிதறிய குண்டுத் துண்டு இரும்பிலேயே இப்படி இறங்கியிருந்தால், பக்கத்தில் நின்றவன் உடம்பு?

அவன் குழாயைத் தொடவே இல்லை. அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சுவரு இத்தனை அடி கனம் போட்டிருக்கான். மேல ஏன்டா ஒண்ணுமே இல்ல?"

அந்தத் தீவின் கதை மொத்தமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. இந்தத் தளங்களைத் திட்டமிட்டது விமானம் போருக்கு வராத காலத்தில். எதிரி கடல் வழியாக, கப்பலில்தான் வருவான் என்று கணக்கு. வந்தது மேலே இருந்து. 1942 ஏப்ரல் 9இல் எதிர்க்கரையான பதான் விழுந்ததும், அங்கிருந்து பீரங்கிக் குண்டுகளும் சேர்ந்துகொண்டன. பக்கத்துத் தளமான 'பேட்டரி கியரி'யில் மே 2 அன்று ஒரு குண்டு வெடிமருந்துக் கிடங்கைத் துளைத்ததில், பத்து டன் எடையுள்ள மோர்ட்டார் குழாய் ஒன்று நூறு மீட்டருக்கு மேல் பறந்து போய் விழுந்தது. 'வே'யின் நான்கில் ஒன்று மட்டும் சரணடைந்த நாள் காலை வரை சுட்டுக்கொண்டிருந்தது.

'மைல் நீளப் பாசறை' என்று ஒரு மூன்று மாடி இடிபாடு இருக்கிறது. பெயர்தான் மைல். நண்பன் காலடி வைத்து அளந்து, அரை கிலோமீட்டர்கூடத் தேறாது என்று தீர்ப்புச் சொன்னான். அவன் அளந்துகொண்டிருந்த நேரத்தில் படிக்கட்டில் வைத்திருந்த புளியோதரைப் பொட்டலத்தைக் குரங்கு தூக்கிவிட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு விடுதியின் அடோபோ என்ற இறைச்சிக் குழம்பும் சோறும்தான் கதி. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் இரண்டு வேளைக்கு ஏதாவது கையோடு கொண்டுபோங்கள், பையை மூடி வையுங்கள்.

இரவு மலின்டா சுரங்கம். அதற்காகத்தான் தங்கச் சொல்கிறேன். மலின்டா என்றால் பிலிப்பைன்ஸின் டகலோக் மொழியில் அட்டைப்பூச்சிகள் நிறைந்த இடம். குன்றைக் குடைந்து 1930களில் முடித்தது. நடுச் சுரங்கம் சுமார் 250 மீட்டர், அதிலிருந்து இருபுறமும் 24 கிளைகள், ஆஸ்பத்திரிக்கென்று தனிக் கிளைகள். பகலில் நடுச் சுரங்கத்தோடு சரி. இரவில் தலைக்கவசம் மாட்டி, டார்ச் கொடுத்து, ஆஸ்பத்திரிக் கிளைகளுக்குள் கூட்டிப்போனார்கள். எட்டுப் பேர்தான் இருந்தோம். தரையெல்லாம் இடிந்து விழுந்த பாறைக் குவியல், சில இடத்தில் குனிந்து ஏற வேண்டும். 1942 முற்றுகைக் காலத்தில் ஆயிரம் படுக்கை போட்டிருந்த ஆஸ்பத்திரி அது. மேலே குண்டு விழும்போதெல்லாம் விளக்கு அணையும், கூரையிலிருந்து தூசி கொட்டும், நர்சுகள் டார்ச் வெளிச்சத்தில் அறுவை சிகிச்சைக்கு உதவுவார்கள். ஜப்பானிய டாங்கிகள் சுரங்க வாசலுக்கு வந்துவிட்டால் உள்ளே கிடக்கும் காயம்பட்டவர்கள் கதி என்ன என்ற பயம்தான், மெக்கார்தருக்குப் பின் பொறுப்பேற்ற தளபதி வெய்ன்ரைட்டைச் சரணடைய வைத்த காரணங்களில் முக்கியமானது.

வழிகாட்டி எல்லா டார்ச்சையும் அணைக்கச் சொன்னார். அப்படி ஓர் இருட்டு எங்கள் ஊரில் கரண்ட் போன இரவிலும் பார்த்ததில்லை. எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம். பிறகு அவர், குரலைத் தாழ்த்தி, அடுத்த பாதியைச் சொன்னார். மூன்று வருடம் கழித்து இதே கிளைகளுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் ஜப்பானியர்கள். 1945 பிப்ரவரி 21 இரவு உள்ளே இருந்த வெடிமருந்தை அவர்களே வெடித்தார்கள். நாங்கள் மிதித்து நின்ற குவியலில் அந்த வெடிப்பில் விழுந்ததும் உண்டாம். தீவிலிருந்த ஆயிரக்கணக்கான ஜப்பானிய வீரர்களில் உயிரோடு பிடிபட்டவர்கள் மிகச் சிலர். போர் முடிந்தது தெரியாமல் ஒளிந்திருந்த 20 பேர் 1946 ஜனவரி 1 அன்று வெளியே வந்து சரணடைந்தார்கள்.

சிலர் இதைப் பேய் வேட்டை என்று விளம்பரப்படுத்தினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

டார்ச் சொந்தமாக ஒன்று எடுத்துப்போங்கள். எனக்குக் கொடுத்தது பாதியிலேயே கண் சிமிட்ட ஆரம்பித்துவிட்டது. கொசு மருந்தும் வேண்டும். படகும் தங்கும் வசதியும் அவ்வப்போது மாறுவதால், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை புதுக் கூட்டம் படகிலிருந்து இறங்கியது. அதே பஸ், அதே வழிகாட்டி, முந்தின நாள் சொன்ன அதே ஜோக். நண்பன் துறையில் உட்கார்ந்து ஷூவைத் தட்டிக்கொண்டிருந்தான். ஒரு கைப்பிடி சிமெண்ட் தூள் கொட்டியது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு, "கூரை போட்டிருக்கணும்டா" என்றான்.