கேள்வி பதில்: எதிர்த்துக் கேட்கும் வயதில் உயிரியல்

கேள்வி: பன்னிரண்டு வயது மகளுக்குக் கிறிஸ்தவச் செவ்வியல் கல்வி முறையில் வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிறேன். சென்ற ஆண்டு வரை விலங்குத் தொகுதிகள், எலும்புகளின் பெயர்கள், செல்லின் பாகங்கள் அனைத்தையும் பாட்டாகப் பாடி மனப்பாடம் செய்தாள். இப்போதோ எதைச் சொன்னாலும் "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மடக்குகிறாள். பாடத்தை எப்படி மாற்றுவது?

பதில்: மடக்குகிறாள் என்றால், பாடம் வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது. செவ்வியல் கல்விக்கு அடிப்படையான இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை என்ற மூன்று பழங்கலைகளையும் பிள்ளைகளின் வளர்ச்சிப் பருவங்களோடு பொருத்திக் காட்டியவர், 1947இல் ஆக்ஸ்ஃபோர்டில் உரையாற்றிய ஆங்கில எழுத்தாளர் டோரதி சேயர்ஸ். கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கும் பருவத்துக்கு அடுத்து, எதிர்த்துப் பேசுவதிலும் பெரியவர்களின் தவற்றைக் கண்டுபிடிப்பதிலும் மகிழ்ச்சி காணும் பருவம் வரும் என்றார் அவர். நடுநிலைப் பள்ளி வயது அதுதான். ஆகவே, இனி முடிவுகளை மட்டும் கொடுக்காதீர்கள். அந்த முடிவுகளுக்கு மனிதர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதையும், வழியில் எங்கே இடறினார்கள் என்பதையும் கொடுங்கள்.

ஒளிச்சேர்க்கையை எடுத்துக்கொள்வோம். சமன்பாட்டை எழுதிப் போடுவதற்கு முன், பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த மருத்துவரும் வேதியியலாளருமான வான் ஹெல்மான்ட்டின் கதையைச் சொல்லுங்கள். 1648இல், அவர் மறைந்த பின் அச்சான நூலில் அது இருக்கிறது. உலர்த்திய மண் 200 பவுண்டைத் தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, நீர் மட்டும் ஊற்றி ஐந்து ஆண்டுகள் வளர்த்தார். மரம் 169 பவுண்டுக்குச் சற்று மேலாக வளர்ந்திருந்தது. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ இரண்டு அவுன்ஸ்தான். எனவே மரம் முழுவதும் நீரிலிருந்தே உண்டாயிற்று என்று அவர் முடிவு கட்டினார். இங்கே நிறுத்திவிட்டு, "இந்த வாதத்தில் ஓட்டை எங்கே?" என்று கேளுங்கள். காற்றை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை என்பதைச் சில பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். அந்த இரண்டு அவுன்ஸ் ஏன் குறைந்தது என்று கேட்கும் பிள்ளையோ இன்னும் கூர்மையானது. 'கேஸ்' என்ற சொல்லை உருவாக்கியதும், எரியும் கரியிலிருந்து ஒரு வாயு (இன்று நாம் கார்பன் டை ஆக்சைடு என்பது) வெளிவருவதை விவரித்ததும் இதே மனிதர் என்பதைக் கடைசியில் சொல்லுங்கள். விடை அவர் கைக்கு அருகிலேயே இருந்தது! அதன் பிறகு, மெழுகுவத்தி எரிந்து அணைந்த காற்றை, அது மீண்டும் எரியத் தக்கதாகப் புதினாச் செடி மாற்றுவதை 1771இல் ஆங்கில அறிஞர் பிரீஸ்ட்லி கண்ட சோதனையையும், 1779இல் ஒளியின் பங்கை டச்சு மருத்துவர் இங்கன்ஹவுஸ் காட்டியதையும் சொன்னால், சமன்பாட்டை அவளே பாதி எழுதிவிடுவாள்.

கேள்வி: உயிரியலுக்காக லத்தீனும் கிரேக்கமும் கற்பிக்க வேண்டுமா?

பதில்: மொழியாகக் கற்பிக்க நேரம் இல்லாவிட்டால் வேர்ச்சொற்கள் போதும். சாயம் ஏற்றியபோது நிறம் பிடித்ததால் 'நிற உடல்' என்ற பொருளில் குரோமோசோம் என்று பெயர் வந்தது என்பதை அறிந்த பிள்ளைக்கு அந்தச் சொல் மறக்காது. தமிழில் படிப்பவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு: பூச்சி, நண்டு போன்றவை அடங்கிய ஆர்த்ரோபோடா தொகுதியைக் 'கணுக்காலி' என்னும்போதே வரையறையில் பாதி சொல்லப்பட்டுவிடுகிறது.

கேள்வி: ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு வேத வசனத்தைச் சேர்த்துவிடுகிறேன். பரிணாமப் பாடம் வரும்போது மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. தவிர்த்துவிடலாமா?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள் என்பேன். பாடத்தின் வாலில் ஒட்டப்படும் வசனம் பாடத்துக்கும் உதவாது, வசனத்துக்கும் மரியாதை ஆகாது. மாறாக, வாழிடம், உணவுச் சங்கிலி ஆகிய பாடங்களுக்கு முன் வேதாகமத்தின் 104ஆம் சங்கீதத்தை முழுவதுமாக வாசியுங்கள். கொக்குக்குத் தேவதாரு, வரையாடுகளுக்கு உயர்ந்த பர்வதங்கள், குழிமுசல்களுக்குக் கன்மலைகள் என்று உயிர்களை அவற்றின் இடத்தோடு வைத்துப் பார்த்த ஒருவரின் பாட்டு அது. இரைக்காகக் கெர்ச்சிக்கும் சிங்கத்தையும் அது மறைக்கவில்லை. அதை வாசித்த பிள்ளை பாடத்துக்குள் தானாகவே கேள்விகளோடு நுழையும்.

பரிணாமத்தைப் பொறுத்தவரை, கிறிஸ்தவர்களிடையே பல நிலைப்பாடுகள் உண்டு. உங்களுடையது எதுவோ அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன், அந்தக் கோட்பாட்டை ஏற்பவர் "ஆம், நாங்கள் சொல்வது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு அதை உங்கள் மகள் எடுத்துச் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர் தர்க்கம் கற்றவர் ஆகமாட்டார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்துக்கு விளக்கம் எழுதிய இறையியலாளர் அகஸ்டின் இதைவிடக் கடுமையாகவே எச்சரித்தார்: வானத்தையும் விலங்குகளையும் செடிகளையும் பற்றி அனுபவத்தால் அறிந்தவர்கள் முன்னே வேதத்தின் பெயரால் பிதற்றினால், உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்லும்போது அவர்கள் எப்படி நம்புவார்கள் என்று கேட்டார் அவர்.

கேள்வி: நுண்ணோக்கி இல்லாமல் ஓராண்டை ஓட்ட முடியுமா?

பதில்: செல்லைப் பார்க்க வேண்டிய சில வாரங்களுக்கு எங்கேனும் இரவல் வாங்குங்கள், மற்றவற்றுக்குக் கைலென்ஸ் போதும். ஊறவைத்த அவரை விதையின் தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, வித்திலைகளுக்கு இடையே ஒட்டியிருக்கும் முளைவேரையும் முளைக்குருத்தையும் பார்த்து வரையச் சொல்லுங்கள். பாடநூலில் உள்ள படத்தை, அவள் வரைந்து முடித்த பின்பே திறக்க வேண்டும். முன்பே பார்த்துவிட்டால், விதையை விட்டுவிட்டுப் புத்தகத்தையே வரைவாள்.