தெருவிளக்கு ஓரத்துச் சாமந்தி ஏன் மொட்டு விடவில்லை?

கேள்வி: சார், குப்பம் பக்கம் முக்கால் ஏக்கரில் சாமந்தி வைத்திருக்கிறேன். ரோட்டோரம் புதிதாக எல்.ஈ.டி. விளக்கு போட்டார்கள். கம்பத்தை ஒட்டிய நாலைந்து சால் மட்டும் மொட்டே இல்லாமல் இலையாகத் தழைத்து நிற்கிறது, உள்ளே தள்ளி இருப்பதெல்லாம் பூத்துவிட்டது. கடையில் டானிக் அடிக்கச் சொல்கிறார்கள், அடிக்கலாமா?

பதில்: வேண்டாம் அண்ணா, காசுதான் போகும். செடி நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு ராத்திரிதான் கிடைக்கவில்லை.

சாமந்தி பூக்க நீளமான, இடையில் வெளிச்சம் படாத இருட்டு வேண்டும். இலையில் பைட்டோகுரோம் என்று ஒரு புரதம் இருக்கிறது. சிவப்பு ஒளி பட்டால் அது உருமாறி செல்லின் உட்கருவுக்குள் போய், எந்த ஜீன் வேலை செய்யலாம், எது அடங்க வேண்டும் என்பதையே மாற்றிவிடும். இருட்டில்தான் மெல்லப் பழைய நிலைக்கு வரும். உங்கள் வெள்ளை விளக்கிலும் சிவப்பு கலந்துதான் இருக்கிறது. இருட்டு நீண்டால் இலையில் எஃப்.டி.எல்.3 என்ற ஜீன் முடுக்கம் பெற்று, அதன் புரதம் தண்டின் நுனிக்குப் போய்ப் பூக்கச் சொல்லும். நடுராத்திரி வெளிச்சம் பட்டாலோ ஏ.எஃப்.டி. என்ற இன்னொரு ஜீன் விழித்துக்கொள்ளும், அதன் புரதமும் அதே நுனிக்கு வந்து பூக்கவிடாமல் தடுக்கும். இதை ஜப்பான்காரர்கள் காட்டுச் சாமந்தியில் கண்டுபிடித்து 2013-ல் வெளியிட்டார்கள்.

பத்து மணிக்கு மேல் விளக்கை அணைத்தால் போதுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போதாது. பத்திலிருந்து விடியும் வரை எட்டு மணி நேர இருட்டுதான் மிச்சம், சாமந்திக்கு அது பற்றாது. வயல் பக்கம் வெளிச்சம் விழாதபடி விளக்குக்கு ஒரு தகடு மறைப்பு வைக்கச் சொல்லி பஞ்சாயத்தில் எழுதிக் கொடுங்கள், ரோட்டுக்கு வெளிச்சம் குறையாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சந்தேகம் இருந்தால் அந்தச் சாலில் இரண்டு செடியை மட்டும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கெட்டியான கறுப்புத் துணியால் மூடி, காலை ஏழுக்கு எடுங்கள். ஒரு நாள்கூட விடக் கூடாது. மூன்று வாரம் போல ஆனதும் நுனியைப் பிரித்துப் பாருங்கள், குண்டூசித் தலை அளவு மொட்டு தெரியும்.

மறைப்பு கிடைக்கவில்லை என்றால் அடுத்த போகத்தில் அந்த ஓரத்தைத் தக்காளிக்கு விடுங்கள், அது ராத்திரி நீளம் பார்த்துப் பூப்பதில்லை. இல்லையென்றால் தாய்ச்செடியை அங்கேயே வைத்துவிடுங்கள். பாலிஹவுஸ் என்ற பிளாஸ்டிக் கூடாரத்தில் பூ வளர்ப்பவர்கள் தாய்ச்செடி பூத்துவிடக் கூடாது என்று ராத்திரி விளக்குப் போட்டு கரண்ட் பில் கட்டுகிறார்கள், உங்களுக்கு அது ஓசியில் கிடைக்கிறது, நாற்றுக்குத் துண்டு கிள்ளிக்கொண்டே இருக்கலாம்.