சாவி போட்டும் பாஸ்வேர்டு கேட்கிறதா?

விண்டோஸ் 11-இல் ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வர் (வேறு கணினியிலிருந்து பாதுகாப்பாக உள்நுழைய உதவும் மென்பொருள்) நிறுவி, பொதுச்சாவியை (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் சாவி ஜோடியில் வெளியே பகிரக்கூடிய பாதி) உங்கள் பயனர் கோப்புறையின் 'ஆத்தரைஸ்டு கீஸ்' கோப்பில் ஒட்டியும் பாஸ்வேர்டே கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையது அட்மின் கணக்குதானே? சிக்கல் அங்கேதான்.

அட்மின் கணக்கு என்றால் சர்வர் அந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சி டிரைவில் 'புரோகிராம்டேட்டா' என்று மறைந்திருக்கும் கோப்புறைக்குள் 'எஸ்எஸ்எச்' என்ற கோப்புறை இருக்கும். அதில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் ஆத்தரைஸ்டு கீஸ்' என்று தனிக் கோப்பு வேண்டும்; இடைவெளி வரும் இடங்களில் அடிக்கோடு. நோட்பேடில் சேமித்தால் வாலாக '.டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொள்ளும், அதை நீக்குங்கள். பொதுச்சாவியை இந்தக் கோப்பில் ஒட்டுங்கள்; அது ஒரே வரியில் இருக்கட்டும்.

அப்புறம் அனுமதிகள். இதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். கோப்பின் செக்யூரிட்டி பகுதியில் இன்ஹெரிட்டன்ஸை (மேல் கோப்புறையின் அனுமதிகள் தானாக வந்து ஒட்டுவதை) நிறுத்தி, அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், சிஸ்டம் இரண்டை மட்டும் விட்டுவையுங்கள். வேறு யாராவது இருந்தால் சர்வர் அந்தச் சாவியை மதிக்காது, உள்நுழைய முயல்பவரிடம் காரணமும் சொல்லாது.

சாவி வேலை செய்கிறது என்று உறுதியான பிறகே பாஸ்வேர்டு நுழைவை அணையுங்கள்: அதே 'எஸ்எஸ்எச்' கோப்புறையில் உள்ள 'sshd_config' என்ற அமைப்புக் கோப்பில் 'பாஸ்வேர்டு ஆத்தென்டிகேஷன்' வரிக்கு 'நோ' கொடுத்து, சர்வீஸை மறுபடி தொடங்குங்கள். கணினி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.