பள்ளி வாசலில் வண்டிப்புகை: பரவல் குழாயை எங்கே, எப்படிக் கட்டுவது?

கேள்வி: வேளச்சேரியில் பிரதான சாலையை ஒட்டிய பள்ளி வாசலிலும், இரண்டு தெரு தள்ளியும் காற்று மாசை அளக்க நினைக்கிறோம். மின்சாரம் தேவைப்படாத பரவல் குழாய்களை நம்பலாமா?

பதில்: இந்தக் குழாய் தூசியை அளக்காது. பிஎம் 2.5 எனப்படும் நுண்தூசிதான் கவலை என்றால் வேறு கருவி தேடுங்கள். வண்டிப்புகையில் உள்ள நைட்ரஜன் டை ஆக்சைடுக்குத் தாராளமாக நம்பலாம். ஆனால் கிடைப்பது சராசரி மட்டுமே. காலை எட்டரை மணி நெரிசல் அதில் தனியாகத் தெரியாது.

1976-இல் பால்ம்ஸ் என்ற ஆய்வாளர் வெளியிட்ட வடிவம்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 7.1 செ.மீ. நீளம், 1.1 செ.மீ. உள்விட்டம் கொண்ட அக்ரிலிக் குழாய். மேல்மூடிக்குள், இந்த வாயுவை உறிஞ்சும் டிரைஎத்தனோலமைன் என்ற வேதிப்பொருளில் தோய்த்த எவர்சில்வர் கம்பிவலை. திறந்த கீழ்வாய் வழியாக வாயு தானாகப் பரவி மேலேறி, வலையில் நைட்ரைட் என்ற உப்பு வடிவில் தங்கிவிடும். ஆய்வகத்தில் அதைக் கரைத்து, வினைப்பொருள் சேர்த்து, வரும் இளஞ்சிவப்பின் அடர்த்தியை 540 நானோமீட்டரில் அளப்பார்கள். வலையை நீங்களே தோய்க்க வேண்டாம். தயார்க் குழாய்களை ஒரே தொகுதியில் வாங்குங்கள்.

ஓர் இடத்துக்கு மூன்று குழாய். தரையிலிருந்து 2 முதல் 3 மீட்டர் உயரம். குழந்தைகளின் மூக்கு ஒரு மீட்டர் உயரத்தில்தானே என்று கேட்பீர்கள். அங்கே கட்டினால் மறுநாள் குழாய் இருக்காது. சுவருக்கும் குழாய்க்கும் நடுவே 5 செ.மீ. மரக்கட்டை வைத்து, வாய் நேர் கீழே பார்க்கும்படி கேபிள் டையால் இறுக்குங்கள். ஏசி வெளிக்காற்று, ஜெனரேட்டர், டீக்கடை அடுப்பு, அடர்ந்த மரக்கிளை எதுவும் அருகில் கூடாது. கீழ்மூடியைத் திறந்த நேரத்தையும் மூடிய நேரத்தையும் நிமிடம் வரை எழுதுங்கள். இரண்டு வாரம் போதும். ஒரு குழாயைத் திறக்காமலே பிரிட்ஜில் வையுங்கள். அதில் தென்படும் நைட்ரைட்டை மற்றவற்றிலிருந்து கழிக்க வேண்டும். இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

கணக்கு எளிது. குழாய் மணிக்குச் சுமார் 71 கன செ.மீ. காற்றுக்கு ஈடான வாயுவை ஈர்க்கிறது. 336 மணி நேரத்தில் அது ஏறத்தாழ 0.024 கன மீட்டர். வலையில் 0.95 மைக்ரோகிராம் இருந்தால், காற்றில் கன மீட்டருக்குச் சுமார் 40 மைக்ரோகிராம்.

பலத்த காற்று வாய்க்குள் சுழன்றால் பரவல் தூரம் குறைந்து அளவு கூடுதலாகக் காட்டும். குழாய்க்குள்ளேயே நைட்ரிக் ஆக்சைடும் ஓசோனும் வினைபுரிந்தாலும் அப்படித்தான். சிலந்தி வலையோ மழைநீரோ புகுந்த குழாயை ஒதுக்குங்கள். ஓர் இடத்தின் மூன்று குழாய்களும் ஒன்றுக்கொன்று 20 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த இடத்தைத் திரும்ப அளப்பதே நல்லது.

வேளச்சேரியிலேயே அரசின் தானியங்கிக் கண்காணிப்பு நிலையம் இருப்பது உங்களுக்கு வசதி. அனுமதி பெற்று, அதே இரண்டு வாரம் அதன் காற்று உறிஞ்சும் முனைக்கருகே மூன்று குழாய் கட்டுங்கள். நிலையத்தின் சராசரியை அந்தக் குழாய்களின் சராசரியால் வகுத்து வரும் எண்ணால் மற்ற எல்லா இடங்களின் அளவையும் பெருக்குங்கள்.

நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு இந்திய ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 10. இரண்டு வார அளவை நேரடியாக இவற்றோடு ஒப்பிட்டுப் புகார் எழுதினால் எளிதில் தள்ளுபடியாகும். கோடையில் ஒரு முறை, ஜனவரியில் ஒரு முறையாவது அளந்துவிட்டுப் போங்கள். வாசலுக்கும் உள்தெருவுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லவோ, ஒரு சுற்றே போதும்.